கைந்நூலும் அச்சுக்கோப்பும்: உருவம், உள்ளடக்கம் பற்றிய ஒரு நோக்கு

உருவமா உள்ளடக்கமா முதன்மையானது என்னும் வினா ஈழத்துத் திறனாய்வாளர்க்குப் புதியதன்று. முற்போக்கு இலக்கிய இயக்கம் வலுப்பெற்ற ஐம்பதுகள், அறுபதுகள் தொடக்கம் கவிதையையும் சிறுகதையையும் நாவலையும் முன்வைத்து இவ்வினா மீட்டும் மீட்டும் எழுப்பப்பட்டு வந்துள்ளது. உள்ளடக்கமே உருவத்தைத் தீர்மானிக்கின்றது என்றோர் ஒருபுறமும், உருவத்தின் தன்னாட்சியை வற்புறுத்தியோர் மறுபுறமுமாக நின்று நடத்திய அவ்விவாதத்திலே, ஒரு வகை எழுத்துப் பெரும்பாலும் கவனிக்கப்படாது ஒதுங்கி நின்றது. பொறியொன்றையோ செய்நிரலொன்றையோ எவ்வாறு இயக்குவது என்று கூறும் கைந்நூலே அது. அங்கு கற்பனைக்கு இடமில்லை, அணிக்கு இடமில்லை, ஆசிரியனின் ஆளுமைக்கும் பெரிதும் இடமில்லை. ஆதலின் கைந்நூலைப் பொறுத்தவரை உருவம் என்பது வெறும் உறை என்றும், உறையை மாற்றினாலும் உள்ளிருக்கும் பொருள் மாறாது என்றும் கொள்ளுதல் இயல்பாகின்றது. இக்கொள்கை வேறெங்கு பொய்த்தாலும் கைந்நூலிற் பொய்க்கலாகாது. அங்கேயே பொய்க்குமாயின், உருவம் பற்றி நாம் இதுவரை பேசிவந்தவற்றுட் சிலவற்றையேனும் மீளாய்வு செய்தல் வேண்டும்.

இங்கு ஆராயப்படுவது ஜி.சி.சி. எனச் சுருக்கமாக வழங்கும் குனூ தொகுப்பான் தொகுதியின் பயனர் கைந்நூல். மனிதர் எழுதும் செய்நிரலைப் பொறி ஏற்கக்கூடிய கட்டளைகளாக மாற்றித் தருவது தொகுப்பான். 1987இல் ரிச்சட் ஸ்ரோல்மன் வெளியிட்ட இத் தொகுப்பான், எவரும் பெறவும் பயிலவும் திருத்தவும் பகிரவும் உரிமையளிப்பது. லினக்ஸ் இயங்குதளத்தின் கேர்னல் இதனைக்கொண்டே வளர்ந்தது. பெருநிறுவனங்களின் விலையுயர்ந்த தொகுப்பான்களை வாங்கும் வல்லமையற்ற பல்கலைக்கழகங்களிலே செய்நிரலாக்கம் கற்ற ஒரு தலைமுறையினருக்கு இதுவே வாயில். அதன் கைந்நூல் இன்று அச்சிற் கொண்டுவரப்படின் ஏறத்தாழ ஆயிரம் பக்கங்களைக் கொள்ளும். 2022ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் திகதி இந்நூல், ரெக்ஸ்இன்ஃபோ என்னும் பழைய அச்சுக்கோப்பு முறையிலிருந்து ஸ்பிங்ஸ் என்னும் புதிய முறைக்கு முழுமையாக மாற்றப்பட்டது. அதே மாதம் 14ஆம் திகதி அம்மாற்றம் முழுவதும் மீளப்பெறப்பட்டது. ஐந்தே நாள்கள். நூல் கூறும் செய்தியை மாற்றும் நோக்கமே இல்லாத ஒரு மாற்றம், அந்நூலைப் பயன்படுத்துவோரும் பேணுவோருமான சமூகத்தின் முன் ஒரு வாரமேனும் நிலைக்க முடியாது போனமை எதனைக் காட்டுகின்றது? இதனை விளங்கிக்கொள்ள, கைந்நூல்களின் அச்சுக்கோப்பு எத்தகைய சமூகத் தேவைகளிலிருந்து தோன்றியது என்பதைச் சற்றே பின்னோக்கிப் பார்த்தல் அவசியமாகும்.

கணினிக்கும் அச்சுக்கோப்புக்குமுள்ள உறவு தற்செயலானதன்று. எழுபதுகளின் தொடக்கத்திலே பெல் ஆய்வுகூடத்தில் யுனிக்ஸை ஆக்கிக்கொண்டிருந்த சிறு குழுவினர் தமக்குப் புதிய பொறியொன்று வேண்டுமென நிர்வாகத்தைக் கேட்டபோது, இயங்குதளம் ஒன்றை ஆக்கப்போவதாகக் கூறவில்லை. உரை பதனிடும் முறையொன்றை ஆக்கித் தருவதாகவே கூறினர். கண்டுபிடிப்புகளுக்கான ஆக்கவுரிமை விண்ணப்பங்களைத் தயாரிக்கும் பிரிவினர் அதனைப் பயன்படுத்தத் தொடங்கினர். அறிவைத் தனியுடைமையாகப் பதிவுசெய்யும் ஓர் அலுவலகத்தின் தட்டச்சுத் தேவை, பின்னாளில் உலகெங்கும் பரவிய ஓர் இயங்குதளத்திற்குப் பொருளாதார நியாயம் வழங்கிற்று என்பது வரலாற்றின் முரண்களுள் ஒன்று. 1971 நவம்பரில் யுனிக்ஸ் கைந்நூலின் முதற்பதிப்பு வெளிவந்தது. சிலவாண்டுகளில் ஜோ ஒசானா ஒளி அச்சுக்கோப்புப் பொறிக்கென ட்ரொஃப் என்னும் செய்நிரலை எழுதினார். இங்கே எழுத்துருவின் அளவு, வரியின் இடைவெளி, பத்தியின் தொடக்கம் என்பன யாவும் உரையோடு உரையாகக் கட்டளைகளாய் எழுதப்பட்டன. எழுதுபவரே கோப்பவருமானார்.

கோப்பவர் எங்கே போனார்? இவ்வினாவுக்கு விடைதேட ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனல்ட் கனூத்தின் கதை உதவும். அவருடைய கணினிச் செய்நிரலாக்கக் கலை என்னும் பெருநூலின் முதன்மூன்று தொகுதிகளும் 1968, 1969, 1973 ஆகிய ஆண்டுகளில் மொனோரைப் முறையில், உருக்கிய உலோக எழுத்துகளால் அச்சேறியவை. கணிதச் சமன்பாடுகளை அவ்வாறு கோப்பது கைத்திறன் மிக்க தொழிலாளரால் மட்டுமே இயலும். எழுபதுகளின் நடுப்பகுதியிலே அம்முறை இலாபகரமற்றதாகி ஒளி அச்சுக்கோப்பு அதன் இடத்தைப் பிடித்தது. 1977இல் இரண்டாந் தொகுதியின் திருத்திய பதிப்புக்கான ஒப்புநோக்குத் தாள்கள் கனூத்தின் கைக்கு வந்தபோது, அவற்றின் தோற்றம் அவரை வருத்தியது. தானே ஓர் அச்சுக்கோப்புச் செய்நிரலை எழுதுவதென முடிவுசெய்தார். ரெக் என்னும் அச்செய்நிரல் அவ்வாறே பிறந்தது. ஓய்வாண்டு ஒன்றினுள் முடியுமென நினைத்த வேலை ஏறத்தாழப் பத்தாண்டுகளை விழுங்கியது. 1981இல் இரண்டாந் தொகுதி ரெக்கினாலே கோக்கப்பட்டு வெளிவந்தபோதும் எழுத்துகளின் தோற்றம் அவருக்கு நிறைவளிக்கவில்லை. எழுத்துருக்களை மீளவும் செப்பனிட்டார். ஐந்து பாகங்களில் அமைந்த முழு விளக்கம் 1986இல் வெளிவந்தது.

இக்கதையை ஒரு தனிமேதையின் விடாமுயற்சிக் கதையாகக் கூறுவது வழக்கம். அது தவறன்று, ஆயினும் குறைபாடுடையது. கணிதக் குறியீடுகளுக்கிடையே எவ்வளவு வெளி விடவேண்டும், மேலெழுத்து எவ்வளவு உயரவேண்டும் என்பவற்றைக் கனூத் எங்கிருந்து பெற்றார்? சுவீடனில் வெளிவந்த அக்ரா மத்தமாற்றிக்கா போன்ற பழைய கணிதச் சஞ்சிகைகளின் பக்கங்களையும், உலோக எழுத்துக்காலத்துத் தம் சொந்த நூலின் பக்கங்களையும் ஊன்றிக் கவனித்து, அவற்றிலிருந்தே விதிகளை வகுத்தார். அப்பக்கங்களைக் கோத்தவர்கள் பெயரற்ற தொழிலாளர். தலைமுறை தலைமுறையாக அவர்தம் விரல்களிற் படிந்திருந்த அறிவு, அளந்தெடுக்கப்பட்டு எண்களாகவும் விதிகளாகவும் ரெக்கினுள் உறைந்தது. உயிருள்ள உழைப்பு உறைந்த உழைப்பாக மாறுவதை இதனினும் துல்லியமாகக் காட்டும் சான்று கிடைத்தல் அரிது. கனூத் தம் செய்நிரலை விற்றுப் பொருளீட்டாது எல்லோர்க்கும் திறந்துவிட்டார் என்பதை நாம் நன்றியுடன் ஏற்கவேண்டும். அதேவேளை, ‘அழகிய கணித அச்சு’ என அவர் மீட்டெடுத்தது எவருடைய அழகு என்பதையும் மறத்தலாகாது. உருவம் என்று நாம் அழைப்பது பெரும்பாலும் எவரோ ஒருவருடைய உழைப்பின் எச்சம்.

கனூத்தின் மாற்றம் வெற்றி பெற்றமைக்கு ஒரு காரணம் உண்டு. நூலாசிரியரும் அவரே, கருவியாக்கியவரும் அவரே, அழகைத் தீர்ப்பவரும் அவரே. இம் மூன்றும் ஒருவரிடத்தே குவிந்திருந்தன. பலர் எழுதிய நூலுக்கு அத்தகைய வாய்ப்பில்லை.

எழுபதுகளின் பிற்பகுதியில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பிரையன் றீட் ஆக்கிய ஸ்கிரைப் என்னும் முறை, நம் விவாதத்திற்கு நேரடியாகத் தொடர்புடையது. 1980இல் கலாநிதிப் பட்ட ஆய்வாக அமைந்த அதன் அடிப்படைக் கொள்கை இதுவே: எழுதுபவர் ‘இது அத்தியாயத் தலைப்பு’, ‘இது மேற்கோள்’ என்று மட்டும் குறிப்பிட்டாற் போதும், அது தாளில் எவ்வாறு தோன்றவேண்டும் என்பதை வேறோர் இடத்தில் வேறொருவர் தீர்மானிப்பார். உள்ளடக்கத்தையும் உருவத்தையும் பிரிக்கும் கொள்கை பொறியியல் வடிவம் பெற்றது இங்கேதான் எனலாம். பின்வந்த முறைகள் பலவும் இதற்குக் கடன்பட்டவை. ஆனால் அடுத்து நிகழ்ந்தது கவனத்திற்குரியது. ஸ்கிரைப் யூனிலொஜிக் என்னும் நிறுவனத்திற்கு விற்கப்பட்டது. பணஞ்செலுத்தாது பயன்படுத்துவோரிடம் குறித்த காலத்தின் பின் இயங்க மறுக்கும் பூட்டு அதனுள் வைக்கப்பட்டது. உள்ளடக்கம் முற்றிலும் எழுதியவனுடையது என்று அறிவித்த கருவியே, உருவந்தரும் சாதனத்தை உடைமையாக வைத்திருப்பவன் உள்ளடக்கத்தின் வாயிலையும் அடைக்கவல்லவன் என்பதை மெய்ப்பித்தது. உற்பத்திச் சாதனத்தின் உடைமை பற்றிப் பேசாது உருவம் பற்றிப் பேசுவது எவ்வளவு வெறுமையானது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

இச்செயலைத் துரோகமெனக் கருதியவர்களுள் ஸ்ரோல்மனும் ஒருவர். எண்பதுகளில் அவர் குனூ திட்டத்தின் கைந்நூல்களுக்கென ஆக்கிய ரெக்ஸ்இன்ஃபோ, ஸ்கிரைப்பை ஒத்த குறிமுறையை ரெக்கின் மீது ஏற்றியது. ஒரே மூலத்திலிருந்து இருவேறு நூல்கள் பிறக்கும்: ஒன்று ரெக்கினாலே கோக்கப்படும் அச்சுநூல், மற்றது திரையிற் படிக்கும் இன்ஃபோ என்னும் உரை. மூலத்தில் @ என்னும் குறியை அடுத்து வரும் சொல், பின்வருவது இன்னது என்று சொல்லும். சிறியதோர் உதாரணம் போதும். பயனர் தம் விருப்பப்படி இடவேண்டிய பெறுமதியைக் குறிக்கத் தனியொரு குறி உண்டு. அச்சுநூலில் அது சாய்வெழுத்தாகத் தோன்றும். சாய்வெழுத்தற்ற பழைய திரையிலோ அதே சொல் முழுவதும் ஆங்கிலப் பேரெழுத்துகளில் தோன்றும். தோற்றம் இரண்டு, சுட்டும் பொருள் ஒன்று. உருவமும் உள்ளடக்கமும் பிரிக்கத்தக்கவை என்போர்க்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமா என்று கேட்கத் தோன்றும். எனினும் அவ்வாறு இரு தோற்றங்களிலும் பொருள் சிதையாதிருக்க வேண்டுமென எழுதியவர் ஒவ்வொரு சொல்லுக்கும் எடுத்த முடிவே அக்குறி என்பதை இவர்கள் காண்பதில்லை. குறி என்பது உருவமா உள்ளடக்கமா என்று கேட்டால் விடை சொல்வது எளிதன்று.

ஸ்பிங்ஸ் வேறொரு சூழலிற் பிறந்தது. பைதன் என்னும் செய்நிரல் மொழியின் ஆவணங்கள் முன்னர் ரெக்கை அடியொற்றிய லேரெக் முறையில் எழுதப்பட்டு வந்தன. அம்முறையைக் கற்றவர் சிலரே ஆதலின், திருத்தம் செய்ய முன்வருவோரும் சிலரேயாயினர். 2007இல் அவ்வாவணங்கள் எளிய குறிமுறை ஒன்றுக்கு மாற்றப்பட்டன. அதற்கென கேயோர்க் பிரான்டில் எழுதிய ஸ்பிங்ஸ் 2008இல் வெளியிடப்பட்டது. இம்முறையில் மூலமே கண்ணுக்கு இயல்பான உரைபோலத் தோன்றும். பட்டியல் பட்டியலாகவும் தலைப்புத் தலைப்பாகவும் தெரியும். உள்தள்ளிய வெளியே பொருள் தரும். பைதன் ஆவணங்கள் இதனால் பெரும்பயன் பெற்றன. பின்னர் லினக்ஸ் கேர்னலின் ஆவணங்களும் 2016 தொடக்கம் டொக்புக் என்னும் முறையை விட்டு இதற்கு மாறின. அங்கே மாற்றம் ஒரேநாளில் நிகழவில்லை. கோப்புக் கோப்பாக, பகுதி பகுதியாக, பழையதும் புதியதும் ஒருங்கே வாழ்ந்த காலமொன்று இருந்தது. ஜி.சி.சி.யினுள்ளும் சிறு பகுதிகள் சில முன்னரே ஸ்பிங்ஸைத் தழுவியிருந்தன. ஆகவே பெருங் கைந்நூலையும் மாற்றலாம் என்ற எண்ணம் அடிப்படையற்றதன்று. புதிய தலைமுறையினர் ரெக்ஸ்இன்ஃபோவை அறியார். இணையப் பக்கங்களின் தோற்றம் பழையது. ஒரு தெரிவின் விளக்கத்திற்கு நேரே சுட்டி அனுப்புவது கடினம். இக்குறைகள் யாவும் மெய்யானவை.

மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதை இனி நோக்குவோம். ரெக்ஸ்இன்ஃபோ மூலத்தை முதலில் இடைநிலைக் குறிமுறையொன்றாக வெளியிட்டு, அதனைப் பிறிதொரு செய்நிரல் வாசித்து ஸ்பிங்ஸ் மூலமாக எழுதும் வழி பின்பற்றப்பட்டது. பல்லாயிரக்கணக்கான வரிகளைக் கையால் எழுதுதல் இயலாது ஆகையால் இது தவிர்க்கவியலாததே. ஆனால் பொறி வாசிக்கும் வாசிப்பு, மூலம் தன்னை எவ்வாறு வகுத்துக்கொண்டதோ அவ்வாறே வாசிக்கும் வாசிப்பாகும். பழைய மூலத்திலே ‘இது குறிப்பு மட்டுமே, அச்சில் வராது’ என்று அடையாளமிட்ட வரிகள் பல உண்டு. அவற்றுட் சில, யுனிக்ஸ் மரபிலமைந்த சுருக்கக் கைந்நூற் பக்கம் எங்கே தொடங்குகின்றது, எங்கே முடிகின்றது என்பதை இன்னொரு செய்நிரலுக்கு அறிவிப்பவை. நூலுக்குப் புறம்பானவை போலத் தோன்றும் இவ்வரிகளே ஒரு நூலிலிருந்து மற்றொரு நூலைப் பிறப்பிக்கின்றன. இவற்றை எதனோடு சேர்ப்பது? நம் பதிப்பு வரலாறு அறிந்தோர்க்கு இச்சிக்கல் அந்நியமானதன்று. ஏட்டிற் புள்ளி இடப்படாத எழுத்துகளைச் சி. வை. தாமோதரம்பிள்ளை முதலியோர் அச்சுக்குக் கொண்டுவந்தபோது, மெய்யா உயிர்மெய்யா, குறிலா நெடிலா என ஒவ்வோரிடத்தும் அவர்கள் முடிவெடுக்க வேண்டியிருந்தது. அச்சு வேண்டிய அம்முடிவு ஏட்டில் இல்லை. வாசிக்கும் புலமையில் இருந்தது. பொறிக்கு அப்புலமை இல்லை.

இரண்டாவது சிக்கல் இலக்கணஞ் சார்ந்தது. ஒரு தெரிவின் பெயரும், அத்தெரிவுக்குப் பயனர் தரவேண்டிய பெறுமதியும் ஒட்டியே வரும் இடங்கள் தொகுப்பான் கைந்நூலில் எண்ணிலடங்கா. ரெக்ஸ்இன்ஃபோவில் ஒரு குறிக்குள் மற்றொரு குறியை அடக்கலாம்; முழுவதும் தட்டச்சு எழுத்துருவிலும், அதனுள் மாறும் பகுதி மட்டும் சாய்ந்தும் தோன்றும். புதிய குறிமுறையின் இலக்கணமோ வரிக்குள் வரும் குறிகளை ஒன்றனுள் ஒன்றாக அடக்க இடந்தருவதில்லை. இதற்கு மாற்றாகச் சிறப்பு ஏற்பாடொன்று உண்டு. பல இடங்களுக்கு அதுவே போதும். ஆயினும் எளிமையாகத் தோன்றும் மொழி, சிக்கலான உறவுகளைச் சொல்லவேண்டி வரும்போது எளிமையை இழக்கின்றது. கண்ணுக்கு இயல்பாகத் தோன்றும் மூலம் என்னும் உறுதிமொழி, பொதுவான உரைநடைக்கு மெய். தொகுப்பான் கைந்நூலுக்கு அரைமெய்.

மூன்றாவது, என் கருத்தில் முதன்மையானது, அடைவு பற்றியது. ஜி.சி.சி. கைந்நூலின் இறுதியில் இரண்டு அடைவுகள் உண்டு: ஒன்று தெரிவுகளின் அடைவு, மற்றது கருச்சொற்களின் அடைவு. கைந்நூலை முதற்பக்கம் தொடங்கி இறுதிவரை வாசிப்பார் எவருமில்லை. வாசகர் ஒரு சிக்கலுடன் வருகின்றார். அச்சிக்கலின் பெயரை அவர் எவ்வாறு அழைப்பார் என்பதை முன்கூட்டியே அறிந்து, அப்பெயரின் கீழ் விடையை வைத்திருப்பதே அடைவின் பணி. பல ஆண்டுகளாகப் பலர் மூலத்தினுள் இட்ட அடைவுக் குறிகள், வாசகர் எவ்வெவ்வாறு தேடினர் என்பதன் வரலாற்றுப் பதிவாகும். இன்ஃபோ வாசிப்போர் ஒரு விசையை அழுத்தி அடைவுச் சொல்லைத் தந்து நேரே உரிய இடத்துக்குப் பாய்வர். அதற்கு இணையத் தொடர்பும் வேண்டியதில்லை. ஸ்பிங்ஸ் இயல்பாக அறிந்ததோ ஒரேயொரு பொது அடைவை. இன்ஃபோ உரையைத் தருவதற்கு ஸ்பிங்ஸ் தன் மூலத்தை முதலில் ரெக்ஸ்இன்ஃபோவாக மாற்றியே பின்னர் இன்ஃபோவாக்கும் என்பது ஒரு நகைமுரண். அச்சுநூலுக்கும் இறுதியில் ரெக் குடும்பத்தையே அது நாடுகின்றது. புதியது என அறிவிக்கப்பட்டது, பழையதன் தோளில் நின்றுகொண்டே பழையதை அகற்ற முயன்றது எனலாம்.

இவற்றோடு முகவரிகளின் சிக்கலும் சேர்ந்தது. இணையத்திலுள்ள பக்கத்தின் முகவரி, அச்சுநூலின் பக்க எண்ணுக்கு நிகரானது. ஆண்டுக்கணக்காகப் பிழையறிக்கைகளிலும் பாடக்குறிப்புகளிலும் பிற நூல்களிலும் சுட்டப்பட்டு வந்த முகவரிகள் மாறினால் அச்சுட்டுகள் யாவும் வெறுமையை நோக்கி நிற்கும். ஸ்பிங்ஸின் மிகப் புதிய பதிப்பே வேண்டும் என்ற நிலையும் எதிர்ப்பைத் தோற்றுவித்தது. பழைய இயங்குதளங்களை இன்றும் பயன்படுத்துவோர் தம் கணினியிற் கைந்நூலை ஆக்கிக்கொள்ள இயலாது போவர். அண்மைக்காலப் பொறிகளையும் தடையற்ற இணையத்தையும் உடையவர்க்கு இது சிறு தொல்லை. அவை இல்லாதவர்க்கு நூலே இல்லாத நிலை. குனூவின் ஆவண உரிமம் நூலின் பிரதிகளோடு, வாசகர் திருத்தத்தக்க வெளிப்படையான வடிவமும் கிடைக்கவேண்டும் என்று வற்புறுத்துவதும், அத்தகைய வடிவங்களுக்கு உதாரணமாக ரெக்ஸ்இன்ஃபோவின் பெயரையே எடுத்துரைப்பதும் இங்கு நினைவுகூரத்தக்கன. உருவம் என்பது இவ்வுரிமத்தில் வாசகனின் உரிமையாக வரையறுக்கப்பட்டுள்ளது.

அவ்வாறாயின் மாற்றத்தை மீளப்பெற்றமை சரியே. ஆனால் அதற்குக் கூறப்படும் காரணங்கள் யாவற்றையும் நான் ஏற்பதற்கில்லை. ‘பழைய கருவியே சிறந்த கருவி’ என்ற முடிவு இந்நிகழ்ச்சியிலிருந்து பெறப்படவில்லை. ரெக்ஸ்இன்ஃபோவிற் பழகிய கைகள் மூப்படைகின்றன. புதியவர் வரத் தயங்குகின்றனர். உருவத்தைப் பேணுதல் என்பது, அவ்வுருவில் எழுதவல்லோர் இல்லாது போகும்வரை அதனைப் பேணுவதாயின், அது பேணுதலன்று. ஏட்டுச்சுவடியைப் பட்டிற் சுற்றிப் பேழையில் வைத்துப் பூசித்தவர் வீட்டிலேதான் செல்லும் நன்கு வளர்ந்தது. மறுபுறம், எளிமையான கருவி வந்துவிட்டால் எழுதுவோர் தாமே பெருகுவர் என்னும் நம்பிக்கையும் அப்பாவித்தனமானது. பைதனில் அவ்வாறு நிகழ்ந்ததற்குக் கருவி மட்டும் காரணமன்று. தாம் ஆக்கிய கருவியைத் தாமே பயன்படுத்திய ஒரு சமூகம் அங்கிருந்தது. கருவியும் நூலும் ஒரே கைகளில் ஒருங்கே வளர்ந்தன. கனூத்திடம் ஒருவரிடத்தே குவிந்திருந்தது, பைதனில் ஒரு கூட்டத்திடம் பரவியிருந்தது. ஜி.சி.சி.யிலோ இரண்டும் இல்லை.

இங்குதான் உழைப்புப் பிரிவினை பற்றிய வினா எழுகின்றது. மாற்றத்திற்கான முன்மொழிவு 2021இலேயே பகிரங்கமாக வைக்கப்பட்டு விவாதிக்கப்பட்டது. எனினும் வேலையின் பெருஞ்சுமை ஒரு பொறியியலாளரின் தோள்மீதே இருந்தது. கடுமையான குறைகள் பல, மாற்றம் பொதுக் களஞ்சியத்தில் ஏறிய பின்னரே, அன்றாடம் அக்கைந்நூலைத் தம் கணினியில் ஆக்குவோரின் கைகளில் வெளிப்பட்டன. அதுவும் அடுத்த வெளியீட்டுக்கான புதிய வேலைகளை ஏற்கும் காலம் முடிவுறும் தறுவாயில். ஐந்து நாளில் அவற்றையெல்லாம் ஒருவர் தீர்த்தல் எவ்வாறு கூடும்? தொகுப்பானின் உள்ளுறுப்பொன்றில் இவ்வளவு பெரிய மாற்றம் முன்மொழியப்பட்டிருப்பின், அதனை வரிவரியாகப் பரிசீலிக்கப் பலர் முன்வந்திருப்பர். கைந்நூல் என்றதும் அது ‘ஆவண வேலை’ ஆகிவிடுகின்றது. செய்நிரல் எழுதுதல் மேலான தொழில், விளக்கம் எழுதுதல் கீழான தொழில் என்னும் படிநிலை, தம்மை எவ்விதப் படிநிலைக்கும் எதிரானோராகக் கருதும் சமூகங்களிலும் வேரூன்றியுள்ளது. ஒரு காலத்தில் கணிதத்தைக் கோத்த தொழிலாளியின் பெயர் நூலில் இடம்பெறவில்லை. இன்று அடைவுக்குறியை இட்டவரின் பெயர் மாற்றப் பதிவேட்டில் இருக்கின்றது. ஆயினும் அவ்வுழைப்புக்குரிய மதிப்பு அதிகம் மாறியதாகத் தெரியவில்லை.

உருவத்தைப் புறக்கணிக்கும் கருத்துமுதல்வாதமும், உருவத்தையே வழிபடும் மரபுவாதமும் ஒன்றையே மறக்கின்றன. உருவம் எழுதுவோர்க்கும் வாசிப்போர்க்குமிடையே நிலவும் உறவு. அவ்வுறவு மாறாது உருவத்தை மட்டும் மாற்றுதல் இயலாது. அவ்வுறவு மாறியபின் உருவத்தை மட்டும் காத்தலும் இயலாது. லினக்ஸ் கேர்னலின் ஆவணங்கள் படிப்படியாக மாறியமை இதனால் விளங்கும். ஒவ்வொரு பகுதியையும் பேணுவோர் தத்தம் பகுதி மாறும்போது அதனை வாசித்தனர். வாசித்ததனால் அது மீண்டும் அவர்களுடையதாயிற்று. ஜி.சி.சி.யில் நூல் முழுவதும் ஓரிரவில் மாறியபோது, வாசித்தது பொறியொன்றே.

மீளப்பெற்றதோடு விடயம் முடிந்துவிடவில்லை. இணையப் பக்கத்தில் ஒரு தெரிவைச் சுட்டும் இணைப்பைத் தொடர்ந்தால் அத்தெரிவின் பெயருக்குக் கீழே சென்று நிற்கும் குறை நெடுங்காலமாக இருந்தது. அடைவுக்குறிகள் தெரிவின் பெயருக்குப் பின்னர் இடப்பட்டிருந்தமையே காரணம். 2023இன் தொடக்கத்தில், பழைய மூலத்தில் அடைவுக்குறிகள் இடம்மாற்றி ஒழுங்குசெய்யப்பட்டன. புதிய முறைக்கு ஆதரவாகக் கூறப்பட்ட நியாயங்களுள் ஒன்று இவ்வாறு பழைய முறைக்குள்ளேயே தீர்வு பெற்றது. 2024இல் வெளிவந்த பதினான்காம் பதிப்பிலோ தொகுப்பானே கைந்நூலின் தெரிவடைவை நம்பத் தொடங்கியது. ஆக்கப்பட்ட கைந்நூலின் அடைவுப் பக்கத்தை ஒரு செய்நிரல் வாசித்து ஒவ்வொரு தெரிவுக்குமுரிய முகவரியைத் திரட்டுகின்றது. எச்சரிக்கையொன்றைத் தொகுப்பான் திரையில் காட்டும்போது, அதனோடு தொடர்புடைய தெரிவின் பெயர் அம்முகவரிக்கு இட்டுச்செல்லும் இணைப்பாகின்றது. நூலின் கடைசிப் பக்கங்களில் எவரோ முன்னொருகால் இட்ட குறி, இப்பொழுது தொகுப்பானின் உறுப்பு.